பர்ஸில் விழுந்த பல்லி

எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருக்கிறார்கள். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, முழங்காலில் விழுந்தால் என்ன என்று உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் யோசித்து எழுதிய அந்த மகானுபாவர், ஒரே ஓர் இடத்தை மட்டும் மறந்துவிட்டார். பேங்க் அக்கவுண்ட்டில் பல்லி விழுந்தால் என்ன பலன்?

எனக்கு விழுந்தது சார்! ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்னால், காலை பத்தரை மணிக்கு. திருத்தணி பஜாரில் நின்று கத்தரிக்காய்க்கு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். செல்போன் 'டிங்' என்றது. கணக்கிலிருந்து ரூபாய் 1,499 போயே போய்விட்டதாக எஸ்.எம்.எஸ்.!

கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அது சாதாரணப் பணமில்லை. சாயங்காலம் சீட்டுக்காரம்மாவுக்குக் கட்ட வேண்டிய பணம். என்னை மாதிரி கட்டுரை எழுதிப் பிழைக்கிற ஜீவன்களுக்கு, மாதச் சம்பளம் என்பது மற்றவர்கள் வீட்டில் நடக்கிற விசேஷம். பி.காம். படித்தவன் என்று பெயர். வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று பாடத்தில் தெரியும். வீட்டில் ஒரே பக்கம்தான்.

அஞ்சாம் கிளாஸ் படிக்கிற என் சீமந்த புத்திரன் என் பழைய போனை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"அப்பா! இங்க பாரு, எம் பிளேயருக்குப் பல்லி டிரஸ் வாங்கிட்டேன்!"

பார்த்தேன். ஸ்கிரீனில் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான். உடம்பெல்லாம் பச்சை செதில். பின்னால் வால். அந்த வால் 1,499 ரூபாய்! அதைப் போட்டால் ஓட்டம் கூடுமா, உயிர் கூடுமா? ஒன்றும் கிடையாது. சும்மா அழகுக்கு. நான் தீபாவளிக்கு எடுத்த சட்டையே 650 ரூபாய்தான்!

என் ரகசிய நம்பர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அவனுடைய பிறந்த வருஷத்தைத்தான் வைத்திருந்தேன். பாசம்!

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கை தானாகப் போய்விட்டது. 'பளார்' என்று ஒன்று. தெருவில் போன பூக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

பையன் அழவில்லை. அதுதான் கஷ்டம். போனைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். என் சகதர்மிணி வாசலுக்கு வந்தாள். "பல்லி டிரஸ்ஸு அவன் வாங்கினான். போட்டுக்கிட்டது யாருன்னு கண்ணாடியில போய்ப் பாருங்க" என்று ஒரே ஒரு வாக்கியம். பல்லி சத்தமிட்ட மாதிரி 'ச்சு' கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நாலு நாள் பையன் என்னோடு பேசவில்லை. "சாப்பிட்டியாடா?" என்றால் தலையாட்டல். "ஸ்கூல் பீஸ் ரசீது எங்கடா?" என்றால் மேஜையைக் காட்டுகிற ஒரு விரல். அவ்வளவுதான்.

எனக்கும் பகலில் வேலை ஓடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இந்தச் செதில் வைத்த ஜந்துக்கள் பையன்களைப் பிடித்து ஆட்டுவது இன்றைக்கா ஆரம்பித்தது? என்னையும்தான் ஆட்டியது.

எனக்கும் பத்து வயசு. ம.பொ.சி. சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒருத்தர் வீட்டு முன்ரூமிலேயே டி.வி.யில் வீடியோ கேம் வைத்திருந்தார். மணிக்கு அஞ்சு ரூபாய். சட்டையில்லாமல் உட்கார்ந்து கல்லாவைக் கவனிப்பார். அஞ்சு ரூபாய் இல்லாதவர்களும் பின்னால் நின்று பார்க்கலாம். "ஒரேய், ஜம்ப் செய்ரா! தப்பு, தப்பு" என்று தெலுங்கும் தமிழும் கலந்து யோசனை சொல்லலாம். அது இலவசம்.

அங்கேதான் மரியோவைப் பார்த்தேன். ஜப்பான்காரர்களின் நின்டெண்டோ கம்பெனி 1985ல் கொண்டுவந்த ஆட்டம். தொப்பியும் மீசையுமாக ஒரு பிளம்பர் ஓடுவார். எதிரில் வருவது யார்? ஆமை! நம் ஊரில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். அந்த ஆட்டத்தில் ஆமை புகாத தெருவே கிடையாது. தலைமேல் குதித்தால் ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். அந்த ஓட்டை எட்டி உதைத்தால் வழியில் இருக்கிறவர்களையெல்லாம் உருட்டித் தள்ளிக்கொண்டு போகும். ஆஹா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் மோதித் திரும்பி வந்து, உதைத்தவனையே காலி பண்ணும்! பத்து வயசில் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது இல்லை.

அந்த ஆமைகளுக்கெல்லாம் ராஜா ஒருத்தர். பௌசர் என்று பெயர். முதுகெல்லாம் முள், வாயில் நெருப்பு. இவரை முதலில் ஒரு மாடு மாதிரிதான் நினைத்திருந்தாராம், மரியோவைப் படைத்த மியாமோட்டோ. அப்புறம்தான் ஆமைக் குலத்தில் சேர்த்தார்கள். அதே மியாமோட்டோவுக்கு, மரியோ ஒரு டைனோசர் மேல் ஏறிப் போக வேண்டும் என்று முதல் ஆட்டத்திலிருந்தே ஆசை. அப்போதிருந்த மெஷினுக்கு அதற்குத் தெம்பில்லை. 1990ல் புது மெஷின் வந்த பிறகுதான் யோஷி பிறந்தது. பச்சை நிறம், நீள நாக்கு, குழந்தை மாதிரி முகம். வழியில் கண்டதையெல்லாம் நாக்கை நீட்டி விழுங்கும்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது ஒன்றும் புதுசில்லை. பெரிய ஆளாக இருந்தால் ஒரு வாகனம் வேண்டும். முருகனுக்கு மயில் என்று ஊரெல்லாம் சொல்லும். திருத்தணி மலையில் சன்னிதிக்கு எதிரே யானை நிற்கும். மாமனார் இந்திரன் சீராகக் கொடுத்த ஐராவதம். மரியோவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பாவம், டைனோசரோடு விட்டுவிட்டார்கள்.

சந்து வீட்டில் இன்னொரு ஆட்டத்தைப் பற்றியும் காதோடு காதாகப் பேசுவார்கள். மார்ட்டல் காம்பட். 1992ல் வந்த சண்டை ஆட்டம். அதில் ரெப்டைல் என்று பச்சை முகமூடிக்காரன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். நேரே போனால் வரமாட்டான். பாலத்துச் சண்டையில், வானத்து நிலாவுக்குக் குறுக்கே ஒரு நிழல் பறக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து நீங்கள் ஓர் அடிகூட வாங்காமல், ஓர் அடியைக்கூடத் தடுக்காமல் இரண்டு சுற்றும் ஜெயித்து, ஆளையும் தீர்த்துக்கட்டினால் தரிசனம் தருவான். எங்கள் கூட்டத்தில் ஒருத்தனும் பார்த்ததில்லை. 'எங்க பெரியப்பா பையன் வேலூர்ல பார்த்தான்' என்று சொன்னவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் வேலூரில் பெரியப்பாவே கிடையாது என்பது பிற்பாடு தெரிந்தது.

ஆனால் ஒன்று. ஆமை, டைனோசர், பச்சை முகமூடி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். உலகத்தில் அதிகம் பேர் விரலைத் தேய வைத்த ஊர்வன எது தெரியுமோ? சாட்சாத் பாம்பு! நாலைந்து கறுப்புக் கட்டத்தை வரிசையாக வைத்த ஒரு கோடு. கண் கிடையாது. படம் எடுக்காது. செதிலுக்கு 1,499 கேட்காது.

பாம்பின் ஜாதகம் இது: 1976ல் அமெரிக்காவில் கிரெம்லின் என்ற கம்பெனி 'பிளாக்கேட்' என்று காசு போட்டு ஆடுகிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு கோட்டை இழுத்துக்கொண்டே போக வேண்டும். கோட்டில் மோதினவன் அவுட். அந்த வம்சம் எங்கெங்கோ கம்ப்யூட்டர்களில் ஊர்ந்துவிட்டு, 1997ல் நோக்கியா 6110 என்ற செல்போனில் குடியேறியது. குடியேற்றியவர் தானெலி அர்மாண்டோ என்ற பின்லாந்து இன்ஜினீயர். 2, 4, 6, 8 என்று நாலு பட்டன். ஒரு புள்ளியைத் தின்றால் ஒரு கட்டம் நீளும். சுவரில் இடித்தாலும், தன் வாலைத் தானே கடித்தாலும் கதை முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் வில்லனே கிடையாது. கீரி கிடையாது, கருடன் கிடையாது. தான் தின்றதுதான் தனக்கு எமன்! சீட்டு எடுத்து, அதை அடைக்க இன்னொரு சீட்டு எடுத்து, அதை அடைக்கக் கைமாற்று வாங்கிய அனுபவம் உள்ள யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று வருஷம் காலேஜில் எனக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றதை அந்தப் பாம்பு மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பாம்பு வந்தது 2004ல். எங்கள் பக்கத்தில் அப்பாவை 'நைனா' என்போம். நைனா மலையடிவாரத்தில் பூ, தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்தார். வியாபாரத்துக்காக நோக்கியா 1100 வாங்கினார். 2003ல் வெளிவந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. உச்சியில் டார்ச் லைட் உண்டு. விடியற்காலை கடை திறக்க நைனாவுக்கு அந்த லைட். ராத்திரி அவர் தூங்கின பிறகு எனக்கு அந்தப் பாம்பு. இது இரண்டாம் பதிப்புப் பாம்பு. இந்தச் சுவரில் நுழைந்தால் எதிர்ச் சுவரில் வெளியே வரும். ஆனால் வாலைக் கடித்தால் இதுவும் அவுட்தான்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் மலையே மஞ்சள் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் லட்சக்கணக்கில் ஜனம். தோளெல்லாம் பூக்காவடி. பூக்கடைக்காரனுக்கு வருஷத்து வரும்படியில் பாதி அந்த ரெண்டு மூன்று நாளில்தான். முதல் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு மொத்த வியாபாரி போன் பண்ணுவதாக ஏற்பாடு. 'எத்தனை மூட்டை வேணும்' என்று கேட்டுக்கொண்டு வண்டியில் ஏற்றிவிடுவார்.

நான் அன்றைக்கு ராத்திரி பூராவும் பாம்பை வளர்த்தேன். ஸ்கிரீன் முழுக்கப் பாம்பு! கடைசிக் கோடும் போய் போன் செத்துப்போனது. மூன்று மணிக்கு வியாபாரி கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதிலில்லை. மூட்டைகளை வேறு கடைக்குத் திருப்பிவிட்டார். காவடிக்காரர்கள் வந்து நின்றபோது எங்கள் கடையில் தேங்காய் இருக்கிறது, கற்பூரம் இருக்கிறது, பூ இல்லை.

நைனா என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஓங்கின கை அப்படியே நின்றிருந்தது. மெதுவாக இறங்கி, என் சட்டைக் காலரைச் சரி பண்ணியது.

"எத்தினி பாயிண்ட்டு வந்துச்சி?" என்றார்.

சொன்னேன்.

"அவ்ளோதானா? இதுக்கா பூ போச்சி?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்குப் பூராவும் நானே அக்கம்பக்கத்துக் கடைகளில் கெஞ்சிக் கெஞ்சி நாலு நாலு முழமாக வாங்கி வந்து போட்டேன். பிற்பாடு அந்த போனை நைனா கேட்காமல் நான் தொட்டதில்லை. அடித்திருந்தால் தொட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நைனா இப்போது இல்லை. அந்தப் பாம்பை வளர்த்த ராஜ்ஜியமும் சுருங்கிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா ஃபேக்டரி திறந்தபோது, பின்லாந்துப் பாம்பு நம் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துப் பெண்களின் கையால் பிறக்க ஆரம்பித்தது. உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேருக்கு நேரடி வேலை. உலகத்திலேயே அதிகம் போன் விற்ற கம்பெனி, தொடுதிரை வந்ததும் திணறி, போன் வியாபாரத்தை 2014ல் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற்றியது. வரித் தகராறில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் அந்தக் கணக்கில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. ரொம்ப நீண்டுவிட்ட பாம்புக்குத் திரும்ப இடம் கிடைப்பதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். கோபத்தில் அடித்துவிட்டு நாலு நாளாகக் குமைந்துகொண்டிருந்தவன், இந்தப் பத்திக்காக அர்மாண்டோவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முதலில் செய்த ஆட்டம் ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம். சுவரைத் தொட்ட கணத்தில் பாம்பு செத்துவிடும். அதனால் மனுஷர் ஒரு காரியம் பண்ணினார். மோதுவதற்கு முன்னால் சில மில்லி செகண்ட் தாமதம் வைத்தார். ஆடுகிறவன் கண்ணுக்கே தெரியாத தாமதம். அதற்குள் பட்டனைத் தட்டித் திருப்பிவிட்டால், பிழைத்தாய்!

புத்தகம் படிக்காத எங்கள் நைனாவின் கையில் அந்தத் தாமதம் இருந்தது. பி.காம். படித்த என் கையில் இல்லை. இத்தனைக்கும் நான் குடியிருப்பது எந்த ஊரில்? சூரனோடு போர் முடித்த முருகன் கோபம் தணிந்து அமர்ந்த ஊர். செருத்தணிதான் திருத்தணி ஆனது என்பார்கள். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்; இங்கே கிடையாது. இங்கே அன்றைக்குப் புஷ்பாஞ்சலி, பூ மழை. அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பல்லிக்காக 'பளார்'!

ஆடிக் கிருத்திகை ராத்திரி வந்தது. அத்தனை ஜனத்துக்கும் ஆளுக்கொரு செல்போன் இருந்தால் டவர் என்ன செய்யும்? இன்டர்நெட் படுத்துவிட்டது. பையன் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தான். ஸ்கிரீனில் கறுப்பாக ஒரு குட்டி டைனோசர் வந்து நின்றது. நெட் இல்லாதபோது ஆடுவதற்கென்று கூகுள்காரர்கள் 2014ல் குரோமில் வைத்த ஜந்து. ஒற்றை ஆளாகப் பாலைவனத்தில் ஓடும். கள்ளிச்செடி வந்தால் தாண்ட வேண்டும். முழுசாக ஆடி முடிக்க 1 கோடியே 70 லட்சம் வருஷம் ஆகும் என்று அதைச் செய்தவர்களே விளையாட்டாகச் சொன்னார்கள். எங்கள் அப்பன் பிள்ளை மௌனம் அதைவிட நீளும் போலிருந்தது.

நான் எழுந்து பரணில் தேடினேன். நைனாவின் 1100 கிடைத்தது. பேட்டரி செத்துப் பல வருஷம். ஆனால் அதே அளவு பேட்டரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் சாமிப் பாட்டுப் பெட்டியில்! "கிருத்திகையும் அதுவுமா பாட்ட நிறுத்துறியேடா, படுபாவி" என்ற ஆசீர்வாதத்தோடு கழற்றி எடுத்துப் போட்டேன். பச்சை வெளிச்சம் வந்தது. இரண்டு கைகள் கோத்துக்கொண்டன.

பையன் ஓரக்கண்ணால் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமல் பாம்பை ஓட்டினேன். இருபது வருஷத்தில் விரல் மரத்துப்போயிருந்தது. ஒரு நிமிஷத்தில் வாலைக் கடித்தேன்.

"ஐயே! மேல திருப்பியிருக்கணும்ப்பா."

நாலு நாளுக்கப்புறம் முதல் பேச்சு. போனை அவன் கையில் கொடுத்தேன்.

"இதுக்கு டிரஸ் கிடையாதா?"

"கிடையாதுடா. கோவணம்கூடக் கிடையாது."

சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு நடுவில் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அடிச்சது தப்புடா. பணம் போனதுக்குக் கோபம் வந்தது சரி. கை போனது தப்பு."

பையன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேக்காம வாங்குனது எந்தப்புதான். நீ வேணாம்னு சொல்லிடுவேன்னுதான் கேக்கல" என்றான். பாம்பு ஒரு சுற்று நீண்டது. "சீட்டுப் பணம் கட்டிட்டியாப்பா?"

கட்டிவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள். கைமாற்றுதான். பாம்பு இன்னும் ஒரு கட்டம்!

மறுநாள் கூட்டம் குறைந்த பிறகு இரண்டு பேரும் மலை ஏறினோம். 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. பாதி வழியில் ஒரு கடையில் முருகன் படம் மாட்டியிருந்தது. பையன் நின்றுவிட்டான். மயிலின் காலடியில் பாம்பு.

"அப்பா, அந்தப் பாம்பு அவுட்டா?"

நானும் உற்றுப் பார்த்தேன். மயில் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பாம்பு தலையைத் தூக்கி ஜம்மென்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

"இல்லடா, லைஃப் இருக்குது."

"எத்தினி பாயிண்ட்டு?" என்றான். நைனா குரல் மாதிரியே இருந்தது.

அந்த 1,499 திரும்பி வரவில்லை. கணக்கு நோட்டில் எதன்கீழ் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். செலவு என்று எழுத மனசு வரவில்லை. கடைசியில் 'அசையும் சொத்து' என்று எழுதினேன். வால் அசைகிறதே!